ஒருங்கிணைந்த சுற்றுலாச் சீட்டு

ஒருங்கிணைந்த சுற்றுலாச் சீட்டு என்பது ஒரு நகரின் பொதுப் போக்குவரத்தில் பயணம் செய்யும் உரிமையையும், அந்நகரிலுள்ள அருங்காட்சியகங்கள், அரண்மனைகள், பூங்காக்கள் முதலிய பார்வையிடங்களுக்குள் நுழையும் உரிமையையும் ஒரே விலையில் சேர்த்து வழங்கும் அனுமதிச்சீட்டு அல்லது அட்டை ஆகும். இது நகர அட்டை என்றும் சுற்றுலா அட்டை என்றும் வழங்கப்படுகிறது. ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களில் 1990கள் முதல் இவை பரவலாயின. தமிழ்நாட்டில் இதன் முழு வடிவம் வேரூன்றவில்லை. ஆயினும் இதன் கூறுகள் பேருந்துக் கழகங்களின் பயண அட்டை, தொல்லியல் துறையின் கூட்டு நுழைவுச்சீட்டு, கோயில் சுற்றுலாக்கள் எனத் தனித்தனியே வழக்கில் இருந்துள்ளன. அவை ஏன் ஒன்றுசேரவில்லை என்பதை அறிய மதுரை நல்ல எடுத்துக்காட்டு. தொலைதூரப் பேருந்துகளில் வருவோரில் பெரும்பகுதியினர் வந்திறங்கும் மாட்டுத்தாவணியிலிருந்து அந்நகரைச் சுற்றிப் பார்க்கும் முறை இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படுகிறது.

வகைகள்

இச்சீட்டுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சில போக்குவரத்தை மட்டுமே தருவன. சிங்கப்பூரின் சுற்றுலாப் பயணிகள் அட்டை இவ்வகையைச் சேர்ந்தது. ஒன்று, இரண்டு அல்லது மூன்று நாட்களுக்குப் பேருந்திலும் தொடருந்திலும் கணக்கின்றிப் பயணிக்க அது வழிசெய்கிறது. தில்லி மெட்ரோவின் சுற்றுலா அட்டையும் இத்தகையதே. பாரிசு அருங்காட்சியக அட்டை இதற்கு நேர்மாறானது. அதில் நுழைவு உண்டு, பயணம் இல்லை. பெர்லின் வரவேற்பு அட்டை முழுப் பயணத்தையும் தந்து, பார்வையிடங்களில் கட்டணக் கழிவு மட்டும் அளிக்கிறது. ஆம்சுட்டர்டாம் நகர அட்டை பேருந்து, டிராம், மெட்ரோ ஆகியவற்றோடு பல அருங்காட்சியகங்களின் நுழைவையும் உள்ளடக்கியது. ஒரு நாடு முழுவதற்கும் இம்முறையை விரித்தது சுவிட்சர்லாந்து ஆகும். அந்நாட்டின் பயண அட்டையைக் கொண்டு தொடருந்து, பேருந்து, படகு ஆகியவற்றில் செல்வதுடன் சுமார் 500 அருங்காட்சியகங்களுக்குள்ளும் நுழையலாம்.

கால அளவைக் கணக்கிடும் முறை வாங்குவோர் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று. ஆம்சுட்டர்டாம் அட்டை மணிக்கணக்கில் ஓடுகிறது. முதல்நாள் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கிய 24 மணி நேர அட்டை மறுநாள் பிற்பகல் 3 மணிவரை செல்லும். லண்டன் அட்டை நாட்கணக்கில் ஓடுவதால், பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் அன்றைய நாள் முழுவதும் செலவானதாகவே கொள்ளப்படும். நண்பகலுக்குப் பின் ஊர் வந்து சேர்பவருக்கு இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு நாள் வேறுபாடு உண்டு.

வருவாய்ப் பகிர்வு

பயணி செலுத்தும் தொகை அட்டையை வெளியிடும் அமைப்பிடம் சேர்கிறது. பயணி ஓரிடத்தில் அட்டையைக் காட்டி உள்ளே செல்லும்போது அவ்வருகை பதிவாகிறது. ஒவ்வொரு பதிவுக்கும், வாயிலில் விற்கும் நுழைவுச்சீட்டின் விலையைவிடக் குறைவான, முன்னரே ஒப்புக்கொண்ட ஒரு தொகையை வெளியிடும் அமைப்பு அவ்விடத்திற்கு வழங்குகிறது. பயணி எல்லா இடங்களுக்கும் சென்றால் வெளியிடுவோருக்கு இழப்பு நேரிடலாம். நடைமுறையில் பெரும்பாலோர் அவ்வளவு பார்ப்பதில்லை. காலில் வலி, மழை, குழந்தையின் அழுகை, நீண்ட மதிய உணவு ஆகியவை குறுக்கிடுகின்றன. இவ்வாறு பயன்படாமல் போகும் பங்கிலிருந்தே வெளியிடுவோரின் இலாபத்தின் ஒரு பகுதி வருகிறது. கணக்கில்லாப் பயன்பாடு என்று விற்கப்படும் பிற சேவைகளிலும் இதே கணக்குதான் உள்ளது.

ஆகவே அட்டை இலாபமா என்பதைக் கணிக்க, அட்டையில் அடங்கிய எல்லா இடங்களின் கட்டணங்களையும் கூட்டிப் பார்ப்பது தவறான முறை. விளம்பரங்கள் அவ்வாறே கூட்டிக் காட்டும். அட்டை இல்லாவிட்டாலும் தாம் சென்றிருக்கக்கூடிய இடங்களின் கட்டணங்களை மட்டுமே கூட்ட வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். அட்டையின் விலை 1,000 ரூபாய். அதில் தலா 250 ரூபாய்க் கட்டணமுள்ள எட்டு இடங்கள் உள்ளன. மொத்த மதிப்பு 2,000 ரூபாய். ஒருவர் ஒரு நாளில் நிதானமாக மூன்று இடங்களைப் பார்ப்பார் என்றால் அவருக்குத் தனிச்சீட்டுகளின் செலவு 750 ரூபாய். பேருந்துக்கு 100 ரூபாய் சேர்த்தாலும் அட்டை அவருக்கு இழப்பே. நான்காம் இடம் சேரும்போது கணக்கு மாறுகிறது. ஆனால் அந்த நான்காம் இடத்தை அவர் அட்டைக்காகவே பார்க்க ஓடுகிறாரா என்பதையும் கேட்க வேண்டும்.

வரிசையில் நிற்காமல் நுழையும் வசதியும், ஒவ்வொரு இடத்திலும் சில்லறை தேடும் தொல்லை இன்மையும் பணத்தால் அளக்க இயலாத பயன்கள். மொழி தெரியாத ஊரில் இவற்றின் மதிப்பு அதிகம்.

தமிழ்நாட்டிலும் அண்டைப் பகுதிகளிலும்

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் ‘விருப்பம்போல் பயணம்’ சீட்டு பலருக்கு நினைவிருக்கும். 2010களில் 50 ரூபாய்க்கு விற்கப்பட்ட ஒருநாள் சீட்டைக் கொண்டு நகரின் எந்த மூலைக்கும் செல்ல முடிந்தது. இதன் மாதச் சீட்டு 1,000 ரூபாய். அலுவலகம் செல்வோரை எண்ணி உருவாக்கப்பட்ட இச்சீட்டில் பார்வையிட நுழைவு எதுவும் இல்லை.

நுழைவை ஒருங்கிணைத்ததற்கு மாமல்லபுரம் சான்றாகும். இந்தியத் தொல்லியல் ஆய்வகம் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து இரதங்களுக்கும் ஒரே நுழைவுச்சீட்டை வழங்குகிறது. 2018இல் இதன் கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய் எனவும் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் எனவும் உயர்த்தப்பட்டது. சார்க் நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியருக்குரிய கட்டணமே என்பதால் இலங்கையிலிருந்து வருவோர் கடவுச்சீட்டை உடன் எடுத்துச் செல்வது நன்று. இங்கு இரு சின்னங்களும் ஒரே துறையின் கீழ் இருப்பதால் பங்கு பிரிக்கும் சிக்கலே எழவில்லை. இலங்கையில் மத்திய கலாசார நிதியம் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா முதலிய இடங்களுக்கு வெளிநாட்டவருக்கென ஒரு சுற்றுச்சீட்டை விற்று வந்தது. பின்னர் அது நிறுத்தப்பட்டு, ஒவ்வோர் இடத்திற்கும் தனிச்சீட்டு என்றானது.

பேருந்தும் நுழைவும் உண்மையிலேயே இணைந்தது கோயில் சுற்றுலாக்களில்தான். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் திருப்பதிச் சுற்றுலா இவற்றுள் புகழ்பெற்றது. பேருந்துக் கட்டணம், உணவு, சிறப்பு நுழைவுத் தரிசனச் சீட்டு ஆகியன ஒரே தொகையில் அடங்கின. ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகமும் பேருந்துச் சீட்டுடன் 300 ரூபாய்த் தரிசனச் சீட்டைச் சேர்த்து வழங்கியது. இவ்வாறு பல மாநிலச் சுற்றுலா, போக்குவரத்துக் கழகங்களுக்கு ஒதுக்கப்பட்ட தரிசனச் சீட்டுகளில் முறைகேடுகள் நிகழ்வதாகப் புகார்கள் எழவே, அவ்வொதுக்கீட்டை நீக்குவதென 2024 நவம்பரில் திருமலை திருப்பதி தேவத்தான அறங்காவலர் குழு முடிவு செய்தது. பேருந்து ஓட்டுபவர் ஒருவர், வாயிலின் உரிமையாளர் வேறொருவர் என்னும் நிலையில், ஒருங்கிணைந்த சீட்டின் ஆயுள் வாயிலுக்கு உரியவரின் கையில் உள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

2022 ஆடி மாதத்தில் இந்து சமய அறநிலையத் துறையும் சுற்றுலாத் துறையும் இணைந்து அம்மன் கோயில் சுற்றுலாக்களைத் தொடங்கின. மதுரையும் அவற்றின் புறப்பாட்டு ஊர்களில் ஒன்று. வாயில்களுக்குப் பொறுப்பான துறையே பங்காளியாக இருந்தமையால் தரிசனமும் உணவும் கட்டணத்தில் அடங்குவது எளிதாயிற்று. எனினும் இது வழிகாட்டியுடன் கூட்டமாகச் செல்லும் சுற்றுலா. விரும்பிய இடத்தில் இறங்கி, விரும்பிய நேரம் தங்கும் உரிமையை இது தருவதில்லை.

மதுரை

மாட்டுத்தாவணி மதுரை நகரின் வடகிழக்கே அமைந்துள்ளது. ‘தாவணி’ என்பது மாடுகளை வரிசையாகக் கட்டும் கயிற்றையும், அவ்வாறு கட்டி விற்கும் சந்தையையும் குறிக்கும் சொல். இங்குள்ள எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் 1999இல் திறக்கப்பட்டது. சென்னை, திருச்சி, தஞ்சாவூர், இராமேசுவரம், திருநெல்வேலி, நாகர்கோவில் முதலிய ஊர்களின் பேருந்துகள் இங்கு நிற்கின்றன. தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் பக்கம் செல்லும் பேருந்துகள் நகரின் மேற்கிலுள்ள ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகின்றன. நகரப் பேருந்துகளின் மையமான பெரியார் பேருந்து நிலையம் தொடருந்து நிலையத்தை அடுத்து உள்ளது. முதன்முறை வருவோர் இம்மூன்றையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.

மதுரையில் ஒருங்கிணைந்த சீட்டைக் கற்பனை செய்து மேற்கண்ட கணக்கைப் போட்டால் விடை வியப்பளிக்கும். மீனாட்சியம்மன் கோயிலில் பொதுத் தரிசனத்திற்குக் கட்டணம் இல்லை. காந்தி நினைவு அருங்காட்சியகத்திற்கும் கட்டணம் இல்லை. யானைமலையின் குடைவரைகளையும் வண்டியூர்த் தெப்பக்குளத்தையும் காணப் பணம் தேவையில்லை. திருமலை நாயக்கர் மகாலில் உள்நாட்டவரிடம் பெறப்படும் கட்டணம் மிகச் சிறியது. சாதாரண நகரப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 2018 முதல் 5 ரூபாய். பெண்களுக்கோ 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமே கிடையாது. விடியல் பயணம் எனப்படும் இத்திட்டம் சுற்றுலாவிற்காக ஏற்பட்டதன்று என்றாலும், ஒரு பெண் பயணிக்கு எல்லையில்லாப் பேருந்து அட்டையின் வேலையைச் செய்கிறது. எனவே மிச்சப்படுத்துவதற்கு மதுரையில் பணம் அதிகம் இல்லை.

இங்கு அரிதான பொருள் நேரம். மீனாட்சியம்மன் கோயில் நடை விடியற்காலையில் திறந்து, பகல் 12.30 மணியளவில் அடைத்து, மாலை 4 மணிக்கு மீண்டும் திறக்கும். திருப்பரங்குன்றம், அழகர்கோயில் ஆகியனவும் பகலில் நடை சாத்தும் கோயில்களே. அருங்காட்சியகங்களின் நேரம் வேறு. அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அம்மன் கோயிலில் கூட்டம் மிகுவதும் வெள்ளிக்கிழமையே. 24 மணி நேர அட்டை ஒன்று இருப்பினும், பயனுள்ள நேரம் அதில் பாதியைத் தாண்டாது.

இந்நேர ஒழுங்கை ஏற்றுக்கொண்டு பயணத்தை அமைப்பதே நடைமுறைக்கு உகந்தது. சென்னையிலிருந்து வரும் இரவுப் பேருந்துகள் பல விடியலில் மாட்டுத்தாவணியை அடைகின்றன. அங்கிருந்து நகரப் பேருந்தில் பெரியார் நிலையம் சென்று, ஏறத்தாழ ஒரு கிமீ கிழக்கே நடந்தால் கோயில். 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் நிகழ்ந்த தீ விபத்திற்குப் பின் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுசெல்லத் தடை உள்ளது. வெளியே ஒப்படைத்துச் செல்ல வேண்டும். நுழைவுச்சீட்டைக் கைப்பேசியில் காட்டும் இக்கால அட்டைகள் இவ்வாயிலில் பயன்படா என்பதையும் கருதுக. சுவாமி, அம்மன் சன்னதிகளின் உட்பகுதிக்கு இந்து அல்லாதோர் அனுமதிக்கப்படுவதில்லை. எந்தச் சீட்டும் இதனை மாற்றாது.

நடை சாத்தும் பகல்வேளை மகாலுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் உரியது. 1636இல் கட்டப்பட்ட மகால் கோயிலுக்குத் தென்கிழக்கே நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. இன்று எஞ்சியிருப்பது மூல அரண்மனையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு என்பர். அதுவே தூண்களின் பருமனால் மலைக்க வைக்கிறது. இராணி மங்கம்மாளின் கோடைகால அரண்மனையில் 1959 ஏப்ரல் 15 அன்று நேருவால் திறந்துவைக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகம் வைகைக்கு வடக்கே, தமுக்கம் அருகே உள்ளது. காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதி படிந்த துணி இங்குக் காக்கப்படுகிறது. அரசு அருங்காட்சியகமும் இவ்வளாகத்திலேயே இருப்பதால் இரண்டையும் ஒருசேரக் காணலாம்.

மாட்டுத்தாவணிக்கு மிக அண்மையிலுள்ள தொன்மையிடம் எதுவெனில், மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டிப் படுத்த யானைபோலத் தோன்றும் யானைமலையே. ஊருக்குள் செல்லும் அவசரத்தில் பலர் இதனைப் பேருந்தின் சாளரத்தின் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுகின்றனர். இம்மலையடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரியால் குடைவிக்கப்பட்டது. அதன் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. இலாடன் கோயில் என்னும் முருகன் குடைவரையும், சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இங்கு உள்ளன. ஒத்தக்கடைக்கு நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு.

மதுரைக்குச் சுமார் 21 கிமீ வடக்கிலுள்ள அழகர்கோயிலுக்கும் அதன் மேலுள்ள பழமுதிர்சோலைக்கும் இன்னொரு காலைப்பொழுதை ஒதுக்க வேண்டும். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிமீ தொலைவில் உள்ளது. அது சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. மதுரைக்கென ஒரு சீட்டு உருவாக வேண்டுமாயின், அறநிலையத் துறை, மாநிலத் தொல்லியல் துறை, அருங்காட்சியகத் துறை, காந்தி நினைவு அருங்காட்சியக நிருவாகம், போக்குவரத்துக் கழகம் ஆகிய ஐந்தும் ஒரு மேசையில் அமர வேண்டும். இவற்றுள் சிலவற்றுக்குப் பங்கிட வருவாயே இல்லை என்பதால், அமர்வதற்கான தூண்டுதலும் குறைவு. விலைக்கழிவைவிட, இவ்விடங்கள் அனைத்தின் நேரங்களையும் பேருந்துத் தடங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு மாட்டுத்தாவணியில் ஒட்டினால் பயணிக்குக் கிடைக்கும் உதவி பெரிது.

சித்திரைத் திருவிழா நாட்களில் மேற்கூறிய ஒழுங்கு எதுவும் பொருந்தாது. கள்ளழகர் வைகையில் இறங்க வரும்போது மூன்றுமாவடி முதல் கோரிப்பாளையம் வரை சாலைகள் மக்களால் நிறைந்து, பேருந்துகள் வேறு தடங்களில் திருப்பிவிடப்படுகின்றன. அந்நாட்களில் அழகர்கோயிலுக்குச் செல்பவர் அங்கு உற்சவரைக் காண இயலாது. அவர் மதுரைக்குள் மண்டகப்படிகளில் இருப்பார்.