ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பெருங்குடல் புற்றுநோய்: சிடி கொலோனோகிராபியின் இடம்

பெருங்குடலுக்குள் நீண்ட கருவியைச் செலுத்தாமலே அதன் உட்சுவரைச் சிடி ஸ்கேன் வழியே காணலாம் என்று 1994இல் கதிரியக்க மருத்துவர் டேவிட் வைனிங் காட்டினார். சிடி கொலோனோகிராபி எனப்படும் இம்முறையை, 45 வயது முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ளத்தக்க சோதனைகளுள் ஒன்றாக அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் ஏற்றது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அறிகுறியற்ற அனைவருக்கும் இதையே முதற்சோதனையாக வைக்கலாமா? கூடாது என்பதும், இரண்டாம் படியில் இதற்கு உறுதியான இடம் உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முறையின் திறனில் ஐயமில்லை. கதிரியக்க மருத்துவர் பிக்ஹார்ட்டின் குழுவினர் 2003இல் 1,233 பேரிடம் நடத்திய ஆய்வில், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட அடினோமா (புற்றாக மாறக்கூடிய குடற்கட்டி) உடையோரில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினரை இது கண்டுபிடித்தது. செய்முறை இதுதான்: முந்தைய நாள் பேதிமருந்து. மிஞ்சிய மலத்தைப் பிரித்துக்காட்ட ஒரு மருந்து. ஆசனவாயில் மெல்லிய குழாய் வைத்துக் கரியமில வாயுவால் குடலை விரித்தல். மல்லாந்தும் குப்புறவும் இரு படப்பிடிப்பு. மயக்க ஊசி இல்லாததால் உடனே எழுந்து வீடு திரும்பலாம். நூற்பாலை ஷிப்ட்டையும் விசைத்தறியையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது சிறிய வசதியன்று.

தடை வேறிடத்தில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு உலகளாவிய மதிப்பீட்டின்படி இந்தியாவில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் புதிதாகச் சுமார் 70,000 பேர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. நோய் அரிதான இடத்தில் எல்லோரையும் ஸ்கேன் செய்தால், ஒரு புற்றைக் காண மிகப் பலர் கதிர்வீச்சுக்கு உட்படுவர். சிறுநீரகக் கட்டி, ஈரல் நீர்க்கட்டி எனத் தேடாதவையும் படத்தில் தென்பட்டு, அவற்றின் பின்னால் அலைச்சல் தொடங்கும்.

அதைவிட முக்கியமானது நம் நோயாளிகளின் இயல்பு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017இல் வெளியிட்ட 800 நோயாளிகளின் கணக்கில் சராசரி வயது 47. மலக்குடலில் நோய் கண்டோர் 42 விழுக்காடு. பெரிய மருத்துவமனையின் கணக்கு ஊர்க்கணக்கு ஆகாதுதான். ஆயினும், 45 வயதில் தொடங்கும் திட்டம் கணிசமானோரைத் தவறவிடும் என்பதை அது எச்சரிக்கிறது. ஆசனவாயை ஒட்டிய கீழ்ப்பகுதியோ இந்த ஸ்கேனுக்கே சற்றுக் கடினமான இடம்; அங்கு மருத்துவரின் விரல் பரிசோதனை செலவின்றிச் செய்யும் வேலை பெரிது. மலத்தில் இரத்தம் கண்டவர் அதை மூலம் என்றே நம்பி, சுவரெங்கும் காணும் 'மூலம், பவுத்திரம்' விளம்பரத்தின் பின்னே போய்விடுவதும், வயிற்று அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்ற அறிக்கையோடு நிம்மதியாகிவிடுவதும் எனக்கு ஆறாத வருத்தம் தருபவை. காற்றும் மலமும் நிறைந்த குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டியான பாலிப்பை அல்ட்ராசவுண்டு காட்டாது. குடலை ஆயத்தம் செய்யாமல் எடுக்கும் சாதாரண வயிற்றுச் சிடியும் அதை இல்லையென்று உறுதிசெய்யாது. இரத்தப்போக்கு உள்ளவருக்கு வேண்டியது முன்கண்டறிதல் சோதனை அன்று; நீண்ட கருவியைச் செலுத்திக் குடலை நேரில் பார்க்கும் கொலோனோஸ்கோபி, அதுவும் தாமதமின்றி.

அறிகுறியற்றோருக்கு முதற்படி, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காட்டும் 'ஃபிட்' சோதனை. 2021 ஆகஸ்டு 5 முதல் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதைச் சேர்க்க இயலும். மாநிலத்தின் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றையே முதன்மையாகக் கொண்டிருப்பதால், குடற்புற்றுக்கு இச்சேர்க்கை தேவை. ஃபிட்டில் இரத்தம் தெரிந்தவருக்குக் கொலோனோஸ்கோபியே முறை. முதுமை, இதயநோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, கருவி செல்ல முடியாத குடற்சுருக்கம் ஆகியவற்றால் அது இயலாதபோது சிடி கொலோனோகிராபி கைகொடுக்கும். பிரிட்டனின் சிக்கார் ஆய்வில், அறிகுறியுள்ளோரிடம் இரு முறைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் புற்றையும் பெரிய பாலிப்பையும் கண்டன. ஆனால் ஸ்கேன் எடுத்தோரில் 30 விழுக்காட்டினர் மறுபடி குடற்சோதனைக்குச் செல்ல நேர்ந்தது, கொலோனோஸ்கோபி செய்தோரில் 8 விழுக்காட்டினரே. பாலிப்பைக் காணும் ஸ்கேனால் அதை அகற்ற முடியாது.

எனவே 2022இல் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இச்சேவையை முதலில் அமைப்பதே பொருத்தம். கரியமில வாயு செலுத்தும் கருவி, குறைந்த கதிர்வீச்சு நெறிமுறை, இப்படங்களைப் படிக்கப் பழகிய கதிரியக்க மருத்துவர் ஆகிய மூன்றும் அங்கே வேண்டும். ஆறு மி.மீ. அளவிலோ அதற்கு மேலோ பாலிப் தெரிந்தால், கொலோனோஸ்கோபிக்கான தேதியையும் மருத்துவமனையின் பெயரையும் அறிக்கையோடு சேர்த்தே நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். இவ்வூர்களிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 80 கி.மீ. பயணம் செய்பவரை அங்கே மீண்டும் முதலிலிருந்து வரிசையில் நிற்கவிடக் கூடாது.