பொதிக்குதிரையும் பணியாளும்

ஆங்கிலேயப் படையில் அதிகாரிக்குப் பணிவிடை செய்த வீரனைப் ‘பேட்மன்’ என்றனர். 1939இல் தோன்றிய சித்திரக்கதை வீரனுக்கும் இவனுக்கும் தொடர்பில்லை. பிரெஞ்சு மொழியில் ‘பா’ என்பது (நம் செய்யுளன்று) பொதிவிலங்கின் முதுகிலிடும் சேணம். அதன் பழைய வடிவம் ‘பாஸ்ட்’. அச்சேணம் பூண்ட குதிரை ஆங்கிலத்தில் ‘பேட்’ குதிரையாயிற்று. அக்குதிரையையும் அது சுமந்த அதிகாரியின் மூட்டைகளையும் காத்தவனே 18ஆம் நூற்றாண்டின் ‘பேட்மன்’.

பொதிச் செலவுக்கென அதிகாரிகள் பெற்ற தொகை ‘பேட்’ பணம். இந்தியாவில் இதனோடு ‘பத்தா’ என்னும் வேறொரு சொல் குழம்பிற்று. கும்பினிப் படையில் வழங்கிய படித்தொகை அது. நெல்லைக் குறிக்கும் கன்னடச் சொல்லின் வழியது என்பர். தமிழகத்து ஓட்டுநர் பெறும் ‘பேட்டா’வும் இவ்வழியினதே. 1766இல் கிளைவ் இரட்டைப் பத்தாவை நிறுத்தியபோது, வங்காளத்து வெள்ளை அதிகாரிகள் கூட்டாகப் பதவி விலக முனைந்தனர். படித்தொகை அவர்களுக்கு அத்துணைப் பெரிது!

காலப்போக்கில் குதிரை மறைந்தது. பெயர் மட்டும் மனிதன்மேல் நின்றுவிட்டது. முதல் உலகப் போரில் (1914–1918) அதிகாரியின் காலணியை மெருகிட்டவன், சீருடையைப் பேணியவன், பதுங்கு குழியில் தேநீர் காய்ச்சியவன் பேட்மன். கட்டளையைச் சுமந்து ஓடியவனும், குண்டுமழையில் அதிகாரியின் பக்கத்தில் முன்னேறியவனும் அவனே. அவனை வெறும் ஏவலாள் என்றல் பொருந்தாது. இத்தனைக்கும், படைச் சம்பளத்தின்மேல் அவனுக்குக் கிடைத்தது அதிகாரி தம் கையிலிருந்து கொடுத்த சிறு தொகையே.