மயிர்ப்பையும் மடிச்சோதனையும்

அண்ணன் மகன் அபர்தீனில் இருக்கிறான். கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகிற கப்பலில் வேலை. கூட வேலை பார்க்கும் ஸ்காட்லாந்துப் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாக இவன் நிற்க வேண்டும். நிற்பவர்கள் எல்லாரும் கில்ட் கட்டணுமாம். இடுப்பிலிருந்து முழங்கால்வரை மடிப்பு மடிப்பாகச் சுற்றுகிற கட்டம்போட்ட கம்பளித் துணி அது. துணியில் பிரச்சினை இல்லை, முன்பக்கம் தொங்கவிடுகிற பையில்தான் சிக்கல். வாடகைக் கடையிலிருந்து இரண்டு படம் அனுப்பியிருந்தான். ஒன்று சின்னத் தோல்பை. இன்னொன்றில் வெள்ளைக் குதிரை மயிர் நீளமாக இறங்கி, மேலே கறுப்புக் குஞ்சங்கள் ஆடுகின்றன. ‘சித்தப்பா, உடுப்பு, வரலாறுன்னு என்னத்தையோ எழுதிக்கிட்டே இருக்கீங்கள்லா, எதை மாட்டட்டும்? மயிர் வச்சதுதான் கெத்துங்கான் கடைக்காரன்.’

நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம். போடமுடியவில்லை.

(மயிர் என்று எழுதினால் முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். முடி என்று எழுதினால் மட்டும் அந்தப் பைக்குக் கௌரவம் வந்துவிடப் போவதில்லை.)

கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. நம்முடைய சாரத்துக்கும் வேட்டிக்கும் கிடையாது. நாம் இடுப்பில் ஒரு சுருட்டுச் சுருட்டி மடியாக்கிக்கொண்டோம். காசு, வெற்றிலை, பீடி எல்லாம் அதற்குள்தான். மலைநாட்டு ஸ்காட்லாந்துக்காரன் ஒரு பையைத் தொங்கவிட்டான். ஸ்போரன் என்ற கேலிக் மொழிச் சொல்லுக்குப் பணப்பை என்பதற்குமேல் பொருள் இல்லை. ஆதியில் அது மான்தோலில் செய்து வாயைக் கயிற்றால் இழுத்துக் கட்டுகிற வெறும் பை, நம் ஆச்சிமார் இடுப்பில் செருகுகிற சுருக்குப்பை மாதிரி. அதில் மயிர் எப்போது முளைத்தது என்பதுதான் கேள்வி.

1746இல் கல்லோடன் போரில் மலைநாட்டார் நொறுக்கப்பட்டார்கள். அதே வருடம் லண்டன் பாராளுமன்றம் ஓர் உடைச்சட்டம் போட்டது. ஆணோ சிறுவனோ மலைநாட்டு உடை உடுத்தினால் முதல் தடவை ஆறு மாதம் சிறை. மறுபடி பிடிபட்டால் கடல்கடந்த தோட்டங்களுக்கு ஏழு வருடம் நாடுகடத்தல். ஒரே ஒரு விலக்கு: அரசனின் படையில் சேர்ந்தவன் உடுத்தலாம். ஒரே துணி, வீட்டில் உடுத்தினால் குற்றம், அரசனுக்காகத் துப்பாக்கி பிடித்துக்கொண்டு உடுத்தினால் சீருடை. 1782இல் சட்டம் நீக்கப்படும்வரை 35 வருடங்கள் இந்த உடைக்குச் சட்டபூர்வமான இருப்பிடமாக இருந்தது ராணுவம்தான்.

பையில் மயிர் மண்டியது இந்த ராணுவ வாழ்க்கையில்தான். 18ஆம் நூற்றாண்டுப் படைகளில் ஆட்டுத்தோல், வளைக்கரடித் தோல் என்று மயிரோடு சேர்ந்த தோல்பைகள் வந்தன. 19ஆம் நூற்றாண்டில் குதிரை மயிர் நீண்டு தொங்க ஆரம்பித்தது. குஞ்சங்களின் எண்ணிக்கை படைப்பிரிவின் அடையாளமாயிற்று: பிளாக் வாட்ச் என்றால் ஐந்து, ஆர்கைல் சதர்லாந்து என்றால் ஆறு. அணிவகுத்து நடக்கும்போது அத்தனை பேர் இடுப்பிலும் மயிர் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். பைக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் பொருட்டல்ல. உள்ளடக்கம் போய்க் குறி மட்டும் மிஞ்சியது என்று நம் அமைப்பியல் நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், இந்த இடத்தில் பொருந்தத்தான் செய்கிறது.

இந்தப் படைகளுக்கு நம் மண்ணிலும் வேலை இருந்தது. மெக்லியோட் மலைநாட்டுப் படை 1780இல் சென்னையில் வந்திறங்கியது. அதே வருடம் செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில், ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையை அழித்தபோது மாட்டியவர்களில் இவர்களும் உண்டு. சொந்த ஊரில் அந்த உடைக்குத் தடை இன்னும் நீங்காத வருடம் அது! பிறகு 1809இல், இங்கிலாந்துப் பையன்கள் இந்த உடைக்குப் பயந்து படையில் சேர மாட்டேன் என்கிறார்கள் என்று ஆறு மலைநாட்டுப் படைப்பிரிவுகளிடமிருந்து கில்ட்டைப் பிடுங்கினார்கள். மாட்டு என்றதும் மாட்டணும், கழற்று என்றதும் கழற்றணும்.

1822இல் கூத்து உச்சத்துக்குப் போனது. நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தான். வால்டர் ஸ்காட் ஏற்பாடு செய்த விழாவில், எந்த வம்சத்தின் உடையைத் தடைசெய்தார்களோ அந்த உடையை, தடைசெய்த வம்சத்து அரசனே, சதைநிறக் காலுறை சகிதம் மாட்டிக்கொண்டு நின்றான். சதர்லாந்துச் சீமையில் செம்மறி மேய்க்க வேண்டும் என்று குடியானவர்களை வீட்டோடு பெயர்த்துத் துரத்தி முடித்த காலம் அது. உடைக்கு உரியவர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருக்க, உடை அரண்மனைக்குள் நுழைந்தது.

இந்தக் கதையை உலகறியச் சொன்னவர் ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர். ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்து 1983இல் வந்த ‘மரபின் கண்டுபிடிப்பு’ நூலில் அவர் கட்டுரை இருக்கிறது. இன்றைய குட்டைக் கில்ட்டை உண்டாக்கியதே ராலின்சன் என்ற ஆங்கில இரும்பாலை முதலாளிதான், தன் ஆலையில் உழைக்கிறவர்கள் வேலைசெய்ய வாகாக என்கிறார். இதை மறுப்பவர்களும் உண்டு. நாம் எல்லோரும் ஒரு காலத்தில் அந்தக் கட்டுரையைக் கொண்டாடினோம். எந்த மரபைக் கண்டாலும் ‘புனைவு’ என்று போட்டுடைக்க ஒரு சுத்தியல் கிடைத்த சந்தோஷம். ஆனால் ட்ரெவர்-ரோப்பர் ஸ்காட்லாந்துக்குத் தனி ஆட்சிமன்றம் கேட்பதை எதிர்த்த மனிதர் என்பதையும் மறந்துவிடலாகாது. உன் உடை புனைவு, எனவே உன் கோரிக்கையும் புனைவு: இப்படி ஒரு தாவல் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இந்தத் தாவல் எங்கள் கரைக்குப் பழக்கமானதுதான். 1530களில் பரதவர்கள், முத்துச் சலாபத்தின் மீதான பிடிக்காக முஸ்லிம் வணிகர்களோடு மூண்ட மோதலில் போர்த்துக்கீசியரின் துணையைத் தேடி, ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றார்கள். பெயர் மாறியது. கல்யாணத்துக்குக் கோட்டு வந்தது. சாதித்தலைவருக்கு, நாங்கள் பாண்டியபதி என்போம், பல்லக்கும் தங்கச் சங்கிலியும் வந்தன. 1658இல் டச்சுக்காரன் தூத்துக்குடியைப் பிடித்த பிறகும், பின்னால் ஆங்கிலேயன் வந்த பிறகும், தலைவர் வேண்டியிருந்தார். குளியாளிகளைத் திரட்டித் தருவது யார்? அதற்குக் கூலியாகச் சலாபத்தில் இத்தனை குளிகற்களின் வரும்படி அவருக்கு மானியம். 1806இல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்து ஓடவிட்டதும் ஒரு தலைவர்தான்.

இதையெல்லாம் பார்த்து ‘இரவல் உடுப்பு, அந்நியப் பெயர்’ என்கிறவர்கள் முன்பும் இருந்தார்கள், இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்கு, இல்லையில்லை, எங்களுடையது ஆதி மரபு என்று பதில் சொல்லிப் பிரயோசனமில்லை. ஆதி உடை என்று எவனிடமும் இல்லை. கேட்கவேண்டியது வேறு: யார் உத்தரவில் உடுத்தினோம்? உடுத்திய துணிக்குள் யார் கைவிட முடிந்தது?

சலாபத்தைப் பார்ப்போம். குளியாளி இடுப்பில் ஒரு துண்டு. காலில் கயிறு கட்டிய கல். சிப்பி அள்ள ஒரு வலைப்பை. ஒரு நிமிடம், கொஞ்சம் கூட, கீழே. மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருக்கிற மண்டக்குதான் அவன் உயிர். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் அள்ளியதில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு, மிச்சம் சர்க்காருக்கு. சர்க்கார் பங்கு ஆயிரக்கணக்கில் அன்றன்றைக்கே ஏலம். சிப்பி மூடியிருக்கும்வரை எல்லாம் எண்ணிக்கை. திறந்தால் சந்தேகம். தோணியில் வரும்போதே திறந்து முத்தை ஒளிப்பார்கள் என்று காவல். எதிர்க்கரை இலங்கைச் சலாபங்கள் பற்றிய பழைய வெள்ளைக்காரக் குறிப்புகளில், சிப்பி கழுவுகிற கூலிகளின் கை வாய்ப்பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டதும், விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் அடைத்துவைத்து வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்ததும் வருகின்றன. மனிதனின் வயிறும் ஒரு பைதான் என்று சர்க்காருக்குத் தெரிந்திருக்கிறது.

தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961இல். என் தாத்தா ஐம்பதுகளின் சலாபங்களில் குளித்தவர். முத்தைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. கரையேறியதும் ஒரு காவலாள் ‘மடிய உதறு’ என்பானாம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். ‘மடியில எனக்குப் பொயல இருந்துச்சு, நனைஞ்ச பொயல. அதையும் உதறச் சொன்னாம்லே.’ புகையிலையைச் சொல்லும்போதுதான் குரல் உடையும்.

தெற்கே கொஞ்சதூரத்தில், திருவிதாங்கூரில், பெண்களின் மார்பின் மீதே சர்க்கார் சட்டம் வைத்திருந்தது. தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு 1859இல் மன்னர் அறிக்கை விட்டார்: நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது. கடற்கரைப் பெண்ணின் முரட்டுத்துணி அங்கே ஓர் அளவுகோலாக நிற்கிறது, இதுவரைக்கும் ஏறலாம் என்று. 1746இன் சட்டத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, ஒரே பைக்கு இரண்டு விதி. சிப்பாயின் பையில் அரசாங்கமே மயிர் வைத்துக் குஞ்சம் எண்ணி ஊர்பார்க்க ஆடவிட்டது. குளியாளியின் மடியை அரசாங்கம் உதறிப் பார்த்தது. இரண்டிலும் பை அவனுடையதாக இல்லை.

இவ்வளவையும் சுருக்கிப் பையனுக்கு எழுதினேன்: தோல்பையை எடு, அதுவாவது பை, மற்றது அணிவகுப்பு. அந்த மயிர்ப்பை அநேகமாகச் சியால்கோட்டில் செய்ததாக இருக்கும், வெள்ளைக்காரப் பட்டாளம் கூடாரமடித்த அந்த ஊரில் இன்றும் பைப்பும் கில்ட்டும் ஸ்போரனும் செய்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘சித்தப்பா, மாப்பிள்ளையோட தாத்தா பட்டாளத்துல பைப் வாசிச்சவராம். அவரோட மயிர்ப்பைய எனக்குன்னு பெட்டியில இருந்து எடுத்துச் சீப்பு வச்சுச் சீவித் தந்தாரு. எப்படி வேண்டாம்னு சொல்ல? மோதிரம் ரெண்டும் அதுக்குள்ளதான் வச்சிருந்தேன். பின்பக்கம் சின்னதா ஒரு பை இருக்கு, உங்களுக்குத் தெரியாதோ? பிறகு, நம்ம அப்பா கல்யாணத்துல போட்ட கோட்டு வாடகைக் கோட்டுதான். நீங்கதான வாங்கிட்டு வந்தீங்க.’

படமும் அனுப்பியிருந்தான். தாத்தா ஒருபக்கம் நிற்கிறார். இவன் கை பையின் மேல் இருக்கிறது, மோதிரம் விழுந்துவிடுமோ என்கிற மாதிரி.