இசைப் பட்டக்கல்வியில் எழுத்தின் இடம்: கல்பாத்தி மரபை முன்வைத்து

முன்னுரை

இளங்கலைப் பட்டத்திற்காக இசைக்கல்லூரி மாணவர் கற்பவை எவை என்னும் வினாவிற்குப் பாடத்திட்டம் மட்டுமே விடையாகாது. செய்முறை, இசையிலக்கணம், இசைவரலாறு எனப் பாடத்திட்டம் பகுத்துக் கூறும். அவற்றை மாணவர் எவ்வெழுத்தில் எழுதிக் கற்கின்றனர் என்பதைக் கூறுவதில்லை. எழுத்து மாறும்போது கற்கப்படும் பொருளின் ஒரு பகுதியும் மாறுகிறது. பாலக்காட்டுக் கல்பாத்திப் பகுதியின் இசைமரபைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாய்மொழிக் கல்வி

கல்பாத்தி விசுவநாதசுவாமி கோயிலின் கல்வெட்டு கி.பி. 1425ஆம் ஆண்டினதாகக் கொள்ளப்படுகிறது. கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரங்களில் வீட்டுமொழி தமிழ். பள்ளிமொழியும் ஆட்சிமொழியும் மலையாளம். பாடப்படும் கீர்த்தனைகளுள் பெரும்பாலானவை தெலுங்கும் வடமொழியும். இம்மும்மைச் சூழலில் குருவின் வாய்மொழியே பாடநூலாக விளங்கிற்று. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் (1912-1981) தொடக்கப் பயிற்சியைக் கல்பாத்தியை அடுத்துள்ள சாத்தபுரத்துச் சுப்பய்யரிடம் பெற்றார். பின்னர்த் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றார். ‘த, தி, தொம், நம்’ என்னும் சொற்கட்டுகளைச் செவியால் கேட்டு, வாயால் கூறி, விரலால் வாசித்துப் பயிலும் இம்முறையில் எழுத்திற்கு வேலை மிகக் குறைவு. எனவே எழுத்தின் குறையும் வெளிப்படவில்லை.

கல்லூரிக் கல்வி

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியாரின் இசைக்கல்லூரியும், 1931இல் சென்னை மியூசிக் அகாதெமியின் இசையாசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1939இல் திருவனந்தபுரத்தில் பின்னர்ச் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி எனப் பெயர்பெற்ற நிறுவனமும் தோன்றின. திருவனந்தபுரத்தின் முதல் முதல்வர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். பாலக்காட்டு அரசு இசைக்கல்லூரி செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896-1974) நினைவைத் தாங்கியுள்ளது. கேரள இசைக்கல்லூரிகளின் கானபூஷணம் முதலிய பட்டயங்களுக்குப் பின் இளங்கலைப் பட்டங்கள் வந்தன.

மாற்றத்தின் இடைநிலையை இருவர் வாழ்வில் காணலாம். மஞ்சப்பரையில் பிறந்த எம்.டி. இராமநாதன் (1923-1984) பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் இயற்பியலில் பட்டம் பெற்ற பின்னரே கலாக்ஷேத்திரத்தில் சேர்ந்து டைகர் வரதாச்சாரியாரிடம் இசை பயின்றார். குருகுல முறையில் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரிடம் பயின்ற பாலக்காடு கே.வி. நாராயணசாமி (1923-2002) பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியரானார். கல்லூரிக் கல்வியோடு குறிப்பேடும் எழுத்துத் தேர்வும் இசைக்குள் புகுந்தன.

எழுத்தும் எண்ணும்

இசையிலக்கணத் தாளில் தவறாது இடம்பெறுவது 72 மேளகர்த்தா அமைப்பு. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் வகுத்த இவ்வமைப்பின் இராகப் பெயர்களில், முதல் இரண்டு எழுத்துகள் கடபயாதி முறையில் இராகத்தின் எண்ணைத் தருமாறு பின்வந்தோர் பெயர்களை அமைத்தனர். இம்முறை கேரளத்தில் ‘பரல்பேரு’ எனப்படும். கேரள வானநூலார் இதனைப் பெரிதும் கையாண்டனர். மாயாமாளவகௌளையில் ம 5, ய 1. வலமிருந்து படிக்க 15 என வரும்.

ககர வருக்கத்தின் நான்கு எழுத்துகளும் மலையாளத்தில் தனித்தனி வடிவுடையவை. 1, 2, 3, 4 என வெவ்வேறு எண்களைக் குறிப்பவை. தமிழில் நான்கிற்கும் ககரம் ஒன்றே. ஆதலின் கரகரப்பிரியாவின் முதலெழுத்தை 1 எனக் கொண்டால் 21 என்னும் விடை வரும். அது கீரவாணியின் எண். கரகரப்பிரியாவின் எண்ணோ 22. நடபைரவியின் டகரத்தை வல்லெழுத்தின் முதலாவதாகக் கொண்டால் 10 வரும். அது நாடகப்பிரியாவின் எண். உரிய எண் 20.

ஆகவே மலையாள எழுத்தில் பயிலும் மாணவர் பெயரிலிருந்து எண்ணைக் கணித்தறிகின்றனர். தமிழ் எழுத்தில் மட்டும் பயிலும் மாணவர் எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியவராகின்றனர். முன்னவர்க்கு விதியாக அமைவது பின்னவர்க்கு வெறும் பட்டியலாகிறது. நாளை ஆசிரியராகப் போகும் மாணவர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று. காரணம் அறியாதவர் காரணம் கற்பிக்க இயலாது.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய வழி

கிரந்த எழுத்துகள் இக்குறையை நீக்கமாட்டா. ஜ, ஸ, ஷ, ஹ ஆகியன உதவினும், ககர, டகர, தகர, பகர வருக்கங்களின் பிற எழுத்துகளுக்கு அவற்றுள் வடிவமில்லை. ஆயினும் தமிழில் அச்சான கீர்த்தனை நூல்களில் வருக்க எழுத்துகளைச் சிற்றெண் இட்டுக் காட்டும் வழக்கம் முன்னரே உண்டு. உச்சரிப்பிற்காக ஏற்பட்ட இவ்வழக்கம் கடபயாதிக்கும் பொருந்துவது கருதத்தக்கது. க, ட, ப வருக்கங்களில் சிற்றெண்ணே எழுத்தின் மதிப்பாகிறது. எண்ணில்லாத முதலெழுத்து 1 ஆகும். ச, த வருக்கங்களில் அதனோடு 5 கூட்டினால் போதும். க²ரகரப்பிரியா என எழுதினால் 2, 2; விடை 22. தீ⁴ரசங்கராபரணம் என எழுதினால் 4உடன் 5 கூட்டி 9, அடுத்து ரகரத்திற்கு 2, வலமிருந்து 29.

முடிவுரை

வாய்மொழிக் கல்வியில் குருவின் ஒலி காத்ததை ஏட்டுக் கல்வியில் எழுத்து காக்க வேண்டியுள்ளது. தமிழ் நெடுங்கணக்கை மாற்றாமலே அதனைச் செய்ய இயலும். இசையிலக்கண நூல்களைத் தமிழாக்குவோர் இராகப் பெயர்களை எளிய பெயர்ச்சொற்களாகக் கருதிச் சிற்றெண்ணை விடுத்தால், விடுபடுவது ஒலிக்குறி மட்டுமன்று. பெயருக்குள் பொதிந்த பாடமும் விடுபடும்.