ஒற்றை ஆள் வாள்

ஸ்வீடனின் ஸ்மோலந்துக் காடுகளில் மரம் தறிக்கிற வேலைக்கு நான் வந்தபோது சங்கிலிவாள் ஐந்தாறு கிலோதான் இருந்தது. அதன் பாட்டனுக்கு 64 கிலோ. ஜெர்மனியில் அந்திரயாஸ் ஸ்டீல் 1926இல் செய்த மின்சார வாள் அது. 1929இல் பெற்றோலில் ஓடுவது வந்தபோதும் 46 கிலோ. ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். 1950இல்தான் ஒருவரே தூக்கி அரியக்கூடியது அந்தப் பட்டறையிலிருந்து வந்தது.

எடை இறங்கியதை எல்லாரும் முன்னேற்றம் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் அரைவாசிச் சம்மதம்தான். வாள் இலேசானதும் மற்ற ஆள் வீட்டில் நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்தில் பனை தறிக்க எவரும் தனியே போய் நான் கண்டதில்லை. கோடாலிக்காரர், கயிறு பிடிக்க நாலைந்து பேர், தள்ளி நின்று புத்தி சொல்ல ஒரு கிழவர். அவர் சும்மா நிற்பதாக நினைப்போம். மரத்தின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான்.

இங்கே காட்டில் ஏறக்குறையப் பாதி குடும்பங்களுக்குச் சொந்தம். ஆகவே தனி ஆள் வாளுக்குக் கிராக்கி இருந்தது. 1689இலிருந்து துப்பாக்கியும் பிறகு தையல் மெசினும் மோட்டார் சைக்கிளும் செய்த ஹுஸ்க்வர்னா, 1959இல் வாளில் இறங்கியது. பிறகு உடம்பு கணக்குக் கேட்கத் தொடங்கியது. அதிர்வால் இரத்தம் ஓடாமல் குளிரில் விரல்கள் வெளிறி மரத்தன. அதிர்வைத் தாங்கும் கைபிடி வந்தது. வாளின் மூக்கின் மேற்பாதி எதிலாவது முட்டினால் வாள் முழுவதும் முகத்தை நோக்கி எகிறும். கண் இமைக்கவும் நேரமில்லை. 1973இல் அதே நிறுவனம், எகிறும்போது தானாகவே சங்கிலியை நிறுத்தும் பிரேக்கைப் பொருத்தியது.

ஆனால் மரத்துக்குப் பிரேக் கிடையாது. அதைப் படிக்கத்தான் பயிற்சி. விழ வேண்டிய பக்கம் முதலில் அகலமாக வாய் வெட்டு. பின்பக்க வெட்டு அதுவரை போய்ச் சேரக்கூடாது. இடையில் ஒரு பட்டை மரம் மிஞ்ச வேண்டும், விட்டத்தில் பத்தில் ஒன்று. 30 சென்ரிமீற்றர் மரத்துக்கு 3 சென்ரிமீற்றர். கதவின் பிணைச்சல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்து இறக்கும். அதை அரிந்துவிட்டால் மரம் தன் இஷ்டத்துக்குப் போகும். முன்னுக்குச் சாய்ந்த மரமென்றால் பிணைச்சலுக்குப் பின்னால் வாளைக் குத்தி நுழைத்து, பின்புறத்தில் ஒரு துண்டை விட்டுவைத்து, அதைக் கடைசியில் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு நெடுகப் பிளந்து மேலே எகிறும். தப்பி ஓடும் வழியை, வாளை முடுக்கும் முன்பே சாய்வாகப் பின்பக்கம் துப்புரவாக்கி வைக்க வேண்டும். எனக்குப் பயிற்சி தந்தவர் இதைத்தான் முதலில் பார்ப்பார், வெட்டை அல்ல.

2005 ஜனவரி 8ஆம் திகதி இரவு குத்ரூன் புயல் வந்தது. குளிர்காலமாயிருந்தும் நிலம் உறையவில்லை. ஈரத்தில் ஊறிக் கிடந்த மண் ஸ்ப்ரூஸ் மரங்களின் ஆழமில்லாத வேர்களை விட்டுவிட்டது. ஏறக்குறைய 7.5 கோடி கன மீற்றர் மரம் சாய்ந்தது; நாடு முழுதும் ஒரு வருடத்தில் தறிப்பதற்கு நிகரான அளவு. விறகுக்கு மட்டும் வாள் பிடித்தவர்களும் காட்டுக்குள் இறங்கினார்கள். விழுந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தை விடப் பொல்லாதது. வளைந்த தண்டின் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மறுபக்கம் இழுபட்டிருக்கும். நசுங்கிய பக்கத்தில் சிறிது வெட்டிவிட்டுத்தான் இழுபட்ட பக்கத்தை அறுக்க வேண்டும். மாறினால் தண்டு துள்ளி ஆளை அடிக்கும். தண்டை அறுத்ததும், மண்ணோடு நிமிர்ந்து நின்ற வேர்த்தட்டு திரும்பிக் குழிக்குள் சாயும். அதன் பின்னால் நின்றவர் அவ்வளவுதான். புயலுக்குத் தப்பியவர்களில் பலர் இந்த வேலையில் இறந்தார்கள்.

2014 டிசம்பரிலிருந்து, வேலைக்குச் சங்கிலிவாள் பிடிப்பவர் பயிற்சி பெற்றுச் சோதனையில் தேற வேண்டும் என்று விதி. ஹுஸ்க்வர்னா வாளில் இறங்கிய 1959க்கும் அந்த விதிக்கும் இடையில் 55 வருடம். அதற்குள் காட்டு வேலையின் பெரும்பகுதி, ஆள் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து ஓட்டும் அறுவடை இயந்திரங்களுக்குப் போய்விட்டது. எங்கள் கைக்கு மிஞ்சியிருப்பவை அவை ஏறமுடியாத சரிவுகளும், அவற்றின் பிடிக்குள் அடங்காத பருத்த ஓக்குகளும், ஒன்றன்மேல் ஒன்றாய் முறுக்கிக் கிடக்கும் புயல் மரங்களும்தான்.