எம்டன் வந்த நாளின் காலையில்: யூ-9 கதை

1914 செப்டம்பர் 22 என்றதும் சென்னை வரலாறு படிப்பவர்களுக்கு எம்டன்தான் ஞாபகத்துக்கு வரும். இரவு ஒன்பதரை மணிவாக்கில் குண்டு போட்டு, துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். ஆனால் அன்று காலையிலேயே, நெதர்லாந்துக் கரைக்கு அப்பால் வட கடலில், பிரிட்டிஷ் கடற்படைக்கு இதைவிடப் பல மடங்கு பெரிய அடி விழுந்துவிட்டது. அடித்தது யூ-9 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி.

ஏதோ அதிசய இயந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1910-இல் சேவைக்கு வந்த பழைய மாடல். டீசல் எஞ்சின்கூடக் கிடையாது. கடல்மட்டத்தில் மண்ணெண்ணெய் எஞ்சினில்தான் ஓடும். பகலில் புகை, இரவில் தீப்பொறி. ஒளிந்திருந்து தாக்கவேண்டிய கப்பலுக்கு இதைவிட மோசமான குணம் இருக்க முடியாது. டார்பிடோ குழாய்கள் 4, டார்பிடோக்கள் 6, அவ்வளவுதான். ஆனால் கேப்டன் ஓட்டோ வெட்டிகன் ஒரு வித்தையைப் பழகி வைத்திருந்தார்: மேலே வராமல், தண்ணீருக்கடியில் இருந்தபடியே காலியான குழாயில் அடுத்த டார்பிடோவை ஏற்றுவது.

அன்று அவர் பெரிஸ்கோப்பில் கண்டது அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பழைய குரூசர்களை. அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயது ரிசர்வ் மாலுமிகள். கடற்படைப் பள்ளியிலிருந்து நேரே வந்த சிறுவர்களும் உண்டு. பிரிட்டிஷ் கடற்படைக்குள்ளேயே இந்தக் கப்பல்களுக்கு ‘தூண்டில் இரை’ என்று கேலிப்பெயர். மோசமான வானிலையால் காவலுக்கு வரவேண்டிய டெஸ்ட்ராயர்கள் வரவில்லை. மூன்றும் வளைந்து நெளிந்து போகாமல், மெதுவாக, நேர்க்கோட்டில் போய்க்கொண்டிருந்தன.

ஆறரை மணிக்குச் சற்று முன் முதல் டார்பிடோ அபூகிர் மேல் பட்டது. கண்ணிவெடி என்று நினைத்த அதன் கேப்டன் மற்ற இரண்டையும் பக்கத்தில் வரச் சொன்னார். ஹோக் வந்து, தத்தளிப்பவர்களைத் தூக்கப் படகுகளை இறக்கியது. அதன்மேல் இரண்டு டார்பிடோ. கிரெஸ்ஸியும் அதே காரணத்துக்காக நின்றது, அதுவும் போயிற்று. எட்டு மணி ஆவதற்குள் எல்லாம் முடிந்தது. 1,459 பேர் இறந்தார்கள். சென்னையில் அன்றிரவு இறந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மஸ்கிரேவ் என்ற 15 வயதுப் பயிற்சி மாணவன் அபூகிரிலிருந்து நீந்தி ஹோக்குக்கும், அங்கிருந்து கிரெஸ்ஸிக்கும் போய், மூன்று கப்பலும் மூழ்கியும் பிழைத்தான்.

என்னைக் கேட்டால், அபூகிரை மூழ்கடித்தது யூ-9-இன் திறமை. மற்ற இரண்டையும் அதன் கைக்குக் கொண்டுவந்து கொடுத்தது, மூழ்குகிறவனைக் கண்டால் நின்று தூக்கும் கடல் வழக்கம். பிரிட்டிஷ் கடற்படைத் தலைமைக்கும் இது புரிந்தது. இனி இப்படிப்பட்ட இடத்தில் பெரிய கப்பல்கள் காப்பாற்றுவதற்காக நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கணக்குப்படி சரியான உத்தரவுதான். தண்ணீரில் கிடப்பவன் இடத்தில் இருந்து யோசித்தால்தான் நெஞ்சு அடைக்கிறது.

அக்டோபர் 15-இல் யூ-9 ஹாக் என்ற குரூசரையும் மூழ்கடித்தது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கெய்சர் இரும்புச் சிலுவையைக் கப்பலுக்கே வழங்கியது இரண்டே முறைதான்: ஒன்று யூ-9, மற்றது நம்ம எம்டன்.

வெட்டிகன் பிறகு யூ-29-க்கு மாறினார். 1915 மார்ச் 18-இல் டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் அதை இடித்து மூழ்கடித்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. யூ-9 மட்டும் 1916 முதல் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1918 நவம்பரில் பிரிட்டனிடம் சரணடைந்து, அடுத்த ஆண்டு மோர்கம் என்ற ஊரில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது.