மடிக்குள் சுருங்கிய பொமரேனியன்

பொமரேனியன்னா மடியில வச்சுக் கொஞ்சுற நாய்னுதான் நமக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் அது 10 கிலோவுக்கு மேல் இருந்த நாய்ங்க. 1888-ல் இத்தாலி போன இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி, மார்கோ என்ற நாயை வாங்கி வந்தார். எடை 5 கிலோ சொச்சம். அரண்மனையில இருந்தா போதாதா? எல்லாருக்கும் சின்ன நாய் மேல ஆசை. ஒவ்வொரு ஈத்திலும் சின்னதாப் பிறந்த குட்டிகளையே இனத்துக்கு விட்டு, சின்னதோடு சின்னதைச் சேர்த்தார்கள். இன்று 2, 3 கிலோதான்.

உடம்பு சிறுத்தாலும் பல் அதே 42. சின்னத் தாடையில் அத்தனையும் நெருக்கியடிக்க, ஈறு சீக்கிரம் கெடுகிறது. முழங்கால் சில்லு நழுவுவதும் இந்த இனத்தில் அதிகம்.

நான் பொலிகிடா தேர்ந்தெடுக்கும்போது பல்லையும் காலையும்தான் முதலில் பார்ப்பேன். அளவை மட்டும் பார்த்துப் பொறுக்கினா, நாம பார்க்காம விட்டதை அந்த ஜீவன்தான் சுமக்கணும்.